உபரியின் ஆறு: கூவத்தை வாசித்தல்

1

'நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது' என்றொரு பழமொழி நம்மிடம் புழங்குகிறது. ரிஷிமூலத்தை ஏன் பார்க்கக் கூடாது என்பது விளங்குகிறது. வியாசனின் தாய் யாரென்று கேட்டால் மீனவப் பெண் என்று பதில் வரும். வேதத்தைத் தொகுத்தவனின் பிறப்பு வேதத்தைக் காட்டிச் சாதி பேசுகிறவர்களுக்குச் சங்கடம். ஆனால் நதிமூலத்தைப் பார்ப்பதில் யாருக்கு என்ன சங்கடம்? கூவத்தை முன்வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

கூவம் இன்று ஓர் ஆற்றின் பெயராக இல்லை. வசவாக இருக்கிறது. மேடையில் எதிராளியின் பேச்சைக் கூவம் என்கிறான் ஒருவன். பிடிக்காத பத்திரிகையைக் கூவம் என்கிறான் இன்னொருவன். சென்னைப் பேச்சைக் கேலி பண்ணுகிறவனுக்கும் இதுதான் உவமை. உவமானமாக மட்டுமே புழங்குகிற பொருளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது எங்கே தொடங்குகிறது, எப்படிப் போகிறது, எப்போது கடலைச் சேர்கிறது என்கிற விவரங்கள் அந்த உவமைக்குத் தேவையும் இல்லை. 'நாறுகிறது' என்கிற ஒரு வினைமுற்று போதும்.

இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கூவம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை உபரியால் ஆன ஆறு. மற்ற ஆறுகளும் ஏரிகளும் தமக்குப் போக மிச்சம் விட்டதுதான் அதன் நீர். நகரம் வேண்டாமென்று தள்ளியதுதான் அதன் அழுக்கு. நகரம் கூலிக்குக் கூப்பிட்டுவிட்டுக் குடியிருக்க இடம் தராத மக்கள்தான் அதன் கரைவாசிகள். இந்த மூன்று உபரிகளில் முதலாவதை மறைத்து, இரண்டாவதின் பழியை மூன்றாவதின் தலையில் கட்டுகிற காரியத்தைத்தான் 'கூவத்தைச் சுத்தப்படுத்துதல்' என்கிற சொல்லாடல் செய்துவந்திருக்கிறது. இதை வெறும் நிர்வாகப் பிரச்சினையாகப் பார்க்க முடியாது. மொழிக்குள், குறிப்பாக நம் இலக்கிய மரபுக்குள், இதற்கு வேர்கள் இருக்கின்றன.

2

முதலில் ஆற்றின் போக்கைப் பார்த்துவிடலாம். சுமார் 70 கி.மீ. நீளம். தமிழ்நாட்டு ஆறுகளில் பொடியன். கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றிலிருந்து இது பிரிகிறது என்பார்கள். இல்லை, திருவள்ளூர் மாவட்டத்துக் கூவம் கிராமத்து ஏரியின் உபரிதான் மூலம் என்றும் சொல்வதுண்டு. பழைய பாலாறு ஒரு காலத்தில் இந்தப் பக்கமாக ஓடிற்று, அது தெற்கே விலகிப் போனபின் மிஞ்சிய தடங்களில் ஒன்றுதான் கூவம் என்கிற கருத்தும் இருக்கிறது. திருவேற்காட்டுத் தலபுராணம் இதைப் பழம்பாலாறு என்றே பேசுகிறது.

மூன்றில் எதை எடுத்துக்கொண்டாலும் ஒன்று பொதுவாக நிற்கிறது. மலையில் ஊற்றெடுத்து 'நானே நான்' என்று இறங்கிவருகிற ஆறு இல்லை இது. இன்னொரு ஆற்றின் பிரிவு, அல்லது ஏரியின் வழிச்சல், அல்லது விலகிப்போன ஆற்றின் எச்சம். வழியில் சேர்கிற நீரும் அப்படியே. இருபக்கத்து ஏரிகள் நிரம்பி, கலங்கல் வழிந்து வந்தால்தான் உண்டு. மூலத்தில் தொடங்கி முடிவில் முழுமை பெறுகிற ஒற்றைக் கதையாக இதைச் சொல்லவே முடியாது.

அந்த மிச்சத்துக்கும் பங்காளிகள் வந்தார்கள். கொசஸ்தலையின் நீரைச் சென்னையின் குடிநீருக்காகத் தேக்கப் பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டி முடிக்கப்பட்டது. கேசாவரத்தில் கூவத்தின் பக்கம் திரும்புவது வெள்ளக் காலத்து உபரி என்றாகிவிட்டது. கீழே வந்தால் ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டு. அங்கே கூவத்தின் நீர் புது பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பப்படுகிறது. செம்பரம்பாக்கம் சென்னைக்குக் குடிநீர் தருகிற ஏரி. அதாவது இந்த நகரம் கூவத்தை முதலில் குடிக்கிறது. பிறகு அதில் கழிக்கிறது. குடித்த கதையை யாரும் சொல்வதில்லை. நதிமூலம் பார்ப்பதில் யாருக்குச் சங்கடம் என்று கேட்டேனே, பதில் இதுதான்.

கொரட்டூருக்குக் கீழே மழைக்காலம் தவிர்த்த மாதங்களில் ஆற்றுக்கு ஆற்றுநீர் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் வருவதில்லை. பருத்திப்பட்டு, திருவேற்காடு, வானகரம், மதுரவாயல், அரும்பாக்கம், அமைந்தகரை, சூளைமேடு, சேத்துப்பட்டு, எழும்பூர், சிந்தாதிரிப்பேட்டை என்று வளைந்து வளைந்து வந்து, தீவுத்திடலை இரு கைகளால் அணைத்துக்கொண்டு, நேப்பியர் பாலத்துக்குக் கீழே கடலைத் தொடுகிறது. இந்தத் தூரத்தில் அதை நிரப்புவது நகரத்தின் கழிவு. கரையோரக் குடிசைகளின் கழிவு அதில் சொற்பம். பாதாளச் சாக்கடை போதாமல் வழிந்ததும், மழைநீர் வடிகாலுக்குள் திருட்டுத்தனமாகத் திருப்பிவிடப்பட்டதுமாக, மாடிவீடுகளும் கடைகளும் அலுவலகங்களும் ஆஸ்பத்திரிகளும் அனுப்பிவைப்பதுதான் பெரும்பங்கு. இது அதிகாரிகளுக்கும் தெரியும். தெரிந்தும் 'கூவம்' என்றதும் நம் கண்முன்னால் வருகிற படம் என்ன? ஒரு குடிசை, கரையில் குந்தியிருக்கிற ஒரு மனிதன். இந்தப் படம் எப்படி நமக்குள் வந்து உட்கார்ந்தது?

கூவம் கிராமத்திலேயே இதற்கு ஒரு குறிப்பு கிடைக்கிறது. அந்த ஊர்க் கோயிலுக்குத் திருவிற்கோலம் என்று பெயர். சம்பந்தர் பாடிய தலம். அங்குள்ள லிங்கத்துக்குத் 'தீண்டாத் திருமேனி' என்று பெயர். அர்ச்சகரும் அதைக் கையால் தொடுவதில்லை. மழை மிகுந்தால் அது வெளுக்கும், போர் வந்தால் சிவக்கும் என்பது நம்பிக்கை. வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்கிற அந்த லிங்கத்தைப் பற்றி நீரியல்காரர்கள் யாராவது எழுதட்டும். எனக்கு வேண்டியது அந்தப் பெயர். ஆற்றின் ஒரு கோடியில் தீண்டாமை என்பது புனிதத்தின் உச்சம். மறுகோடியில் அதே தீண்டாமை இழிவின் உச்சம். தொடக்கூடாத மேனியும் தொடக்கூடாத நீரும் 70 கி.மீ. இடைவெளியில் ஒரே பெயரில் இருக்கின்றன. அழுக்கு என்பது ஒரு பொருளின் குணம் அல்ல, இருக்கவேண்டிய இடத்தில் இல்லாத பொருளுக்கு ஓர் ஒழுங்கமைப்பு தருகிற பெயர் என்று மேரி டக்ளஸ் 1966இல் விளக்கினார். சாதிச் சமூகத்தில் வாழ்கிற நமக்கு இது புதுசு இல்லை. எது எங்கே இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கிற அதிகாரம்தான் தூய்மையையும் தீட்டையும் சேர்த்தே உற்பத்தி செய்கிறது.

3

நம் இலக்கணத்துக்கு வருவோம். எம்.ஏ. தமிழ் படித்தவர்கள் எல்லோரும் மனப்பாடம் பண்ணியிருக்கிற கருப்பொருள் பட்டியல் ஒன்று உண்டு. ஒவ்வொரு திணைக்கும் தெய்வம், மக்கள், பறை, பண், நீர் என்று வரிசை. மருதத்துக்கு நீர்: ஆறு, மனைக்கிணறு, பொய்கை. நெய்தலுக்கு நீர்: மணற்கிணறு, உவர்க்கழி. ஆறு மருதத்தின் சொத்து. அதே ஆறு கடலோர மணலுக்கு வந்ததும் ஆறு என்கிற பெயரை இழந்து 'கழி' ஆகிவிடுகிறது. இதை வெறும் நிலவியல் வருணனை என்று விட்டுவிட முடியாது. நெல் விளைவிக்கிற நீர் எதுவோ அதுவே ஆறு என்கிற வேளாண் பார்வை இதில் இருக்கிறது. நெல்லும் கோயிலும் அரசும் சேர்ந்து எழுப்பிய மதிப்பீட்டில் வற்றாமை, நன்னீர், வளம் ஆகிய மூன்றும்தான் ஆற்றின் இலக்கணம். காவிரி அதன் முன்மாதிரி. காவிரி தாய், காவிரி மனைவி, காவிரி கற்பரசி. இந்த உருவகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூவத்தைப் பார்த்தால் அது கெட்டுப்போன பெண்ணாகத்தான் தெரியும். 'ஒரு காலத்தில் எப்படி இருந்தாள்' என்று பெருமூச்சு விடுவதும் அந்த உருவகத்துக்குள்ளேயே அடக்கம்.

ஆனால் கடலோரச் சிற்றாற்றின் குணம் வேறு. நிலம் தட்டையாக இருப்பதால் அதற்கு வேகம் கிடையாது. வருடத்தில் பெரும்பகுதி ஓடாது, தேங்கி நிற்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் சில நாட்களுக்குப் பேயாட்டம் ஆடும். கடலேற்றம் இந்தக் கரையில் ஒரு மீட்டர் அளவுதான் என்றாலும், அது உள்ளே நுழைந்து உப்பைக் கொண்டுவரும். கடலலை தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிற மணல் முகத்துவாரத்தில் திட்டாகப் படியும், வாயை அடைக்கும். மழைவெள்ளம் வந்து அதை உடைக்கும், மறுபடி அடைபடும். மூடுவதும் திறப்பதும் இதன் இயல்பு. 'செத்துப்போன ஆறு' என்று எழுதுகிறவர்கள் இந்த இயல்பையும் சேர்த்தே நோய் என்று எண்ணிக்கொள்கிறார்கள். எச்சம் என்பது தமிழ் இலக்கணத்தில் குறையுள்ள சொல் அல்ல. முடிக்கும் சொல்லை எதிர்பார்த்து நிற்கிற சொல். கூவத்தை ஒரு வினையெச்சமாக வாசிக்கலாம் என்று எனக்குப் படுகிறது. அதன் முற்று கடலிடம், மழையிடம் இருக்கிறது. நகரம் செய்திருப்பது என்னவென்றால் வந்து சேரவேண்டிய நீரை மேலே வாங்கிக்கொண்டு, எச்சத்தை எச்சிலாக்கியதுதான்.

நெய்தல் பாட்டுகளில் நாற்றம் இருக்கிறது. மீன் காய்கிற புலவு நாற்றமும் புன்னைப் பூவின் நாற்றமும் பக்கம் பக்கமாக வரும். நாற்றம் என்ற சொல்லுக்கு அன்று மணம் என்றும் பொருள். பிறகு அது கெட்ட வாடைக்கு மட்டும் உரியதாயிற்று. ஒரு சொல் கீழே இறங்குகிறபோது அந்தச் சொல்லோடு சேர்த்து யாரெல்லாம் கீழே இறக்கப்படுகிறார்கள் என்பதைச் சொல் ஆராய்ச்சிக்காரர்கள் கவனிப்பதில்லை. கூவம் என்ற சொல்லுக்கே அகராதியில் கிணறு என்று பொருள். கூவல் என்கிற பழஞ்சொல்லுக்கும் அதுவே பொருள். குடிக்கிற நீரின் பெயர் குமட்டுகிற நீரின் பெயரானது.

4

'அந்தக் காலத்துக் கூவம்' பற்றிய ஏக்கக் கதைகள் ஏராளம். பச்சையப்ப முதலியார் கோமளீசுவரன்பேட்டையில் கூவத்தில் குளித்துவிட்டுத்தான் சாமி கும்பிடுவார் என்கிற செய்தியைச் சொல்லாத ஆள் கிடையாது. அவர் இறந்தது 1794இல். இந்தக் கதையில் எனக்குள்ள சிக்கல், குளித்த படித்துறையோடு அது நின்றுவிடுகிறது என்பதுதான். அந்தப் படித்துறைக்கு யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்கிற கேள்வி அதில் எழுவதே இல்லை. ஏக்கம் என்கிற உணர்ச்சிக்குச் சாதி தெரியாது என்று நாம் நினைக்கிறோம். அதற்கு நன்றாகவே தெரியும்.

காலனிய நகரத்துக்குக் கூவம் ஒரு கருவி. 1734இல் கம்பெனிக்குத் துணி வேண்டியிருந்தது. நூற்கிறவர்களையும் நெய்கிறவர்களையும் வெளுக்கிறவர்களையும் கொண்டுவந்து ஆற்று வளைவுக்குள் குடிவைத்தார்கள். சின்னத் தறிப்பேட்டை சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று. கோட்டையின் பாதுகாப்புக்காக எழும்பூர் ஆற்றின் தடத்தை மாற்றினார்கள். தீவு உருவானது. வெள்ளைக்காரன் ஏட்டில் கூவத்துக்குத் திருவல்லிக்கேணி ஆறு என்று பெயர். 1869இல் நேப்பியர் பாலம். 1877-78இல், தாது வருஷப் பஞ்சத்தின்போது, பட்டினியில் செத்துக்கொண்டிருந்த ஜனங்களை நிவாரணக் கூலிக்கு அமர்த்திக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் 8 கி.மீ. கால்வாய் வெட்டினார்கள். அதற்குக் கவர்னர் பக்கிங்காம் பெயர். மண் சுமந்தவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

இவற்றையெல்லாம்விட ஆற்றின் வாயைப் பாதித்தது துறைமுகம். 1870களில் கட்டத் தொடங்கிய துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டு, வடக்கே போகிற மணலை மறித்தன. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. தெற்கே சேர்ந்த மணல் இரண்டு காரியம் செய்தது. ஒன்று, 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் உலாச்சாலை போட்டு 'மெரினா' என்று பெயர் வைத்த கடற்கரையை அகலமாக்கியது. இரண்டு, கூவத்தின் முகத்துவாரத்தை முன்னிலும் அதிகமாக அடைத்தது. சென்னை பெருமைப்படுகிற இடமும் மூக்கைப் பொத்துகிற இடமும் ஒரே மணலால் ஆனவை. சுண்டல் தின்றுகொண்டே காற்று வாங்குகிறவருக்கு, பக்கத்துப் பாலத்தில் வருகிற வாடை யாரோ அசுத்தமான ஆட்களின் வேலை என்று தோன்றுகிறது. தான் உட்கார்ந்திருக்கிற மணலின் மறுபக்கம் அது என்று தோன்றுவதில்லை.

5

இனி மூன்றாவது உபரி. துறைமுகத்துக்கு மூட்டை தூக்க, ரயிலடியில் சுமக்க, கட்டடம் கட்ட, வீட்டுவேலை செய்ய, தெருக் கூட்ட ஆள் வேண்டும். ஆளுக்கு இடம் வேண்டாமா? யாருக்கும் வேண்டாத நிலம் எதுவோ அது கிடைத்தது. அதாவது ஆற்றோரப் புறம்போக்கு. புறம்போக்கு என்ற சொல்லின் கதையும் கூவத்தின் கதைதான். வரி விதிக்காத பொதுநிலம் என்கிற வருவாய்த்துறைச் சொல் இன்று சென்னைத் தெருவில் ஒரு வசவு. நிலமும் வசவு, நீரும் வசவு, அதன்மேல் நிற்கிற மனிதனும் வசவு.

1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது அதன் வாசகம். குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு என்பது ஆரம்பக் காலத்தில் அதன் வழியாக இருந்தது. அதன் குறைகள் எவ்வளவோ இருக்கட்டும், 'மாற்று' என்ற சொல் அப்போது குடிசையைக் குறித்தது. பிறகு அது குடியிருப்பவனைக் குறிக்கத் தொடங்கியது. 2000த்தில் தொடங்கிய கண்ணகி நகர், அதன்பின் எழுந்த பெரும்பாக்கம் எட்டுமாடி அடுக்குகள் எல்லாம் நகரத்தின் தென்கோடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கின்றன. 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. குடிசை என்ற சொல்லே மறைந்துவிட்டது.

1970களின் தொடக்கத்தில் கூவத்தைச் சீர்செய்து படகுவிட்டார்கள். படகுத்துறைகள் சீக்கிரமே பாழடைந்தன. 2010இல் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, கரையில் இருப்பவர்களின் உயிரைக் காப்பது என்கிற புது நியாயம் கிடைத்தது. கூவம் சீரமைப்புக்காக இடம்பெயர்க்கப்பட வேண்டியவை என்று கணக்கிடப்பட்டவை சுமார் 14,000 குடும்பங்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதற்காக அவர்களை எங்கே கொண்டுபோனார்கள்? 2015இல் தானும் வெள்ளத்தில் நின்ற பெரும்பாக்கத்துக்கு. மார்க்கெட்டிலும் வீடுகளிலும் வேலை செய்தவர்களுக்கு, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போன பிறகு வேலைக்கு வந்துபோகிற பஸ் செலவு கூலியில் எவ்வளவு என்பதுதான் முதல் கணக்கு.

தீவுத்திடலுக்கு அருகில் ஆற்றோரமாக ஒரு குடியிருப்பு, சத்தியவாணி முத்து நகர். சத்தியவாணி முத்து தமிழ்நாட்டில் அமைச்சராக இருந்த தலித் பெண்மணி. 1974இல் திமுகவிலிருந்து வெளியேறித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கியவர். அவர் பெயர் தாங்கிய குடியிருப்பை 2019 டிசம்பர் கடைசியில், பள்ளி ஆண்டின் நடுவில், இடிக்கத் தொடங்கினார்கள். பெயரைச் சூட்டிய அரசியலும் இடித்த இயந்திரமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எனக்குத் தோன்றவில்லை. அடையாளத்தைக் கொடுத்து இடத்தை எடுத்துக்கொள்வது ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள்.

இதே ஆற்றில் இன்னொரு காரியமும் நடந்தது. துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை சுமார் 20 கி.மீ. பறக்கும் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். தூண்கள் ஆற்றின் படுகைக்குள்ளேயே இறங்கின. நீரோட்டத்தை மறிக்கிறது என்று சொல்லி 2012இல் மாநில அரசே வேலையை நிறுத்தியது. பத்து வருஷம் தூண்கள் ஆற்றுக்குள் மொட்டையாக நின்றன. 2022இல் ஈரடுக்குப் பாலமாக மறுபடி அடிக்கல். கரையில் இருக்கிற ஓலைக்கூரைக்குப் பெயர் ஆக்கிரமிப்பு. ஆற்றின் நடுவில் நிற்கிற கான்கிரீட் தூணுக்குப் பெயர் வளர்ச்சி. நீரோட்டத்தை எது மறிக்கும் என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லிவிடும். ஆக்கிரமிப்பு என்கிற குறிப்பான் பொருளைச் சுட்டவில்லை, ஆளைச் சுட்டுகிறது.

சூழலியல் தோழர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள்: 'அப்படியானால் கூவம் நாறிக்கொண்டே இருக்கட்டும் என்கிறாயா?' இல்லை. அந்த நீரின் கொசுவும் காய்ச்சலும் முதலில் போய்ச் சேர்வது கரையில் இருப்பவர்களிடம்தான். சுத்தமான ஆறு அவர்களுக்குத்தான் எல்லோரையும்விட அவசரமாக வேண்டும். அவர்களை அப்புறப்படுத்திவிட்டு யாருக்காகச் சுத்தம் செய்கிறீர்கள் என்பது என் கேள்வி. நடைபாதை, பூங்கா, மிதிவண்டித் தடம் என்று வரைபடத்தில் போடுகிறபோது அதில் நடக்கிற உருவம் யாருடையது? ஆற்றின் மீட்சி பற்றிப் பேசுகிறவர்கள் கரைக்குப் போவதற்கு முன்னால் வடிகாலுக்குப் போகட்டும். எந்த வடிகாலில் எந்தக் கட்டடத்தின் கழிவு வருகிறது என்று பெயர் எழுதி ஒட்டட்டும். கேசாவரத்திலும் கொரட்டூரிலும் ஆற்றுக்கென்று ஒரு பங்கு நீரை விடச் சொல்லிக் கேட்கட்டும். குடிசையை அளக்கிற அதே சட்டத்தால் தூணையும் அடுக்குமாடியையும் அளக்கட்டும். இவ்வளவும் செய்த பிறகும் கரையில் யாராவது ஆபத்தில் இருந்தால், அவர்கள் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு வீடு கொடுப்பது பற்றி அவர்களோடு உட்கார்ந்து பேசலாம்.

6

எழுதுகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. காவிரியைத் தொடர்ந்து பயணம் செய்து சிட்டியும் தி. ஜானகிராமனும் ஒரு நூலே எழுதினார்கள். சென்னையில் உட்கார்ந்து எழுதியவர்களுக்குக் கூவம் பெரும்பாலும் பஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரு வாடை. அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) சென்னைத் தெரு ஒன்றின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றியது. அதன் நாயகி பெயர் ஜமுனா. வடக்கத்து மகாநதியின் பெயர் வாய்த்த பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறாள். நகரத்துத் தண்ணீர் குழாயாகவும் அடிபம்பாகவும் மட்டுமே எஞ்சியிருக்கிறது என்பதை அந்த நாவல் சத்தமில்லாமல் நிறுவுகிறது. ஆறு பெயரில் மட்டும் இருக்கிறது. இந்த இன்மையை அசோகமித்திரன் எழுதிக்காட்டினார். அந்த இன்மை எப்படி உற்பத்தி செய்யப்பட்டது என்று எழுதுவது அடுத்து வருகிறவர்களின் பாடு.

அதற்கு மருதத்தின் கண்ணாடியைக் கழற்றவேண்டியிருக்கும். கற்பு, தாய்மை, வளம் என்று போகிற உருவகங்கள் இங்கே செல்லாது. ஒற்றை மூலமும் ஒற்றை முடிவும் இல்லாத, மூடுவதும் திறப்பதுமாக இருக்கிற, உப்பும் நன்னீரும் அழுக்கும் கலந்த ஒன்றைச் சொல்லுவதற்கான மொழி நமக்கு வேண்டும். அந்த மொழி ஏற்கெனவே புழக்கத்தில்தான் இருக்கிறது. கரையில் இருக்கிறவர்கள் இன்னும் 'ஆத்தோரம்' என்றுதான் சொல்கிறார்கள், சாக்கடையோரம் என்று சொல்வதில்லை. எந்த மாதத்தில் தண்ணி ஏறும், எந்தப் பக்கம் முதலில் நனையும், எப்போது வாய் திறக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பெரும்பாக்கத்தின் எட்டாவது மாடிக்கு இடம்பெயர்த்த ஒவ்வொரு குடும்பத்தோடும் இந்த அறிவும் வெளியேற்றப்படுகிறது. ஆற்றைப் பற்றி எழுத நினைக்கிறவர்கள் முதலில் அங்கே போய்க் கேட்கவேண்டும். இப்போதைக்கு ஆற்றின் பாதி அங்கேதான் இருக்கிறது.